மகள் கற்று வந்த கணக்கு

2025 கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. "பெரியவளைக் காணோமே, எங்கே?" என்பார்கள். "சென்னையில் ஆக்சுவரி ஆபீசில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள்" என்பேன். பால் ஊற்றும் அம்மாள், "அது கெடக்கட்டும், ஆக்சுவலா எங்க போயிருக்கு, அதச் சொல்லு" என்று கேட்டாளே பார்க்கலாம்! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிளஸ் டூ வரை படித்த எனக்கே அந்த வார்த்தை வாயில் நுழைய ஒரு மாதம் ஆயிற்று.

நம்மில் பல வீடுகளில் எல்.ஐ.சி. பாலிசி இருக்கிறது. முப்பது வயதுக்காரருக்கு ஒரு பிரீமியம், நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு வேறு பிரீமியம். இந்தத் தொகையை யார் முடிவு செய்கிறார்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? ஏஜெண்டும் இல்லை, கிளை மேனேஜரும் இல்லை. எத்தனை பேரில் எத்தனை பேர் எந்த வயதில் இறக்கிறார்கள், வட்டி எவ்வளவு வரும், செலவு எவ்வளவு ஆகும் என்றெல்லாம் பார்த்து, கணக்குப் போட்டுச் சொல்கிறவர்தான் ஆக்சுவரி. பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இவர்களைச் சம்பளத்துக்கே வைத்துக்கொள்ளும். மற்ற கம்பெனிகளுக்கு வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் தேவைப்படும். அறுப்பு மெஷினை நாமெல்லாம் சொந்தமாகவா வாங்கி வைத்திருக்கிறோம், மணிக்கணக்கில் வாடகைக்குத்தானே எடுக்கிறோம்? அந்த மாதிரி, கேட்கிறவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதற்கென்றே ஆபீஸ்கள் இருக்கின்றன. அப்படி ஓர் ஆபீசில்தான் பெரியவளுக்கு ஆறு வாரப் பயிற்சி கிடைத்தது.

எங்களுக்குப் பாபநாசம் பக்கம் மூன்று ஏக்கர் நன்செய். குறுவை, தாளடி என்று ஆற்றில் தண்ணீர் வருவதைப் பொறுத்து வாழ்க்கை. பெரியவள் கும்பகோணத்தில் பி.எஸ்.ஸி. கணிதம். கல்லூரியில் ஒரு பேராசிரியை சொல்லி, இந்தப் படிப்பில் சேருவதற்கான நுழைவுத் தேர்வை எழுதித் தேறியிருந்தாள். அந்த அம்மாள்தான் சென்னை ஆபீசுக்கும் எழுதிப் போடச் சொன்னார். "வரலாம்" என்று பதில் வந்த அன்றைக்கு வீடு இரண்டுபட்டது.

மாமியாருக்கு முதல் கவலை, வயதுக்கு வந்த பெண் தனியாகப் பட்டணத்தில் எப்படி இருப்பாள் என்பது. இவருக்குக் கவலை வேறு. "மாசம் எட்டாயிரம் தராங்களாம். ஆஸ்டலுக்கே ஆறாயிரத்து ஐநூறு. நடவாள் கூலி கூட நிக்காது போலிருக்கே" என்றார். அதோடு அப்போதுதான் மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வரன் பேச்சு வந்திருந்தது. நல்ல குடும்பம், தூரத்து உறவும் கூட. டிகிரி முடித்த கையோடு கல்யாணம் என்பது அவர்கள் எண்ணம். இந்தப் படிப்போ டிகிரிக்குப் பிறகும் ஐந்தாறு வருஷம் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்க வேண்டிய படிப்பு. "ரெண்டும் ஒத்து வராது. இப்பவே ஒண்ணச் சொல்லிடு" என்று என்னைப் பார்த்தார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "ஏங்க, ஆறு வாரம் போய்ப் பார்க்கட்டும். பிடிக்கலைன்னா அவளே வந்து சொல்லிடுவா. பார்க்காம வேண்டாம்னு சொன்னா, கடைசி வரைக்கும் நம்மளத்தான் சொல்லுவா." மாமியாரும் கடைசியில், "போயிட்டு வரட்டும்டா, கணக்குதானே போடப்போவுது" என்று மகனிடம் சொல்லிவிட்டார். ஏப்ரல் கடைசியில் கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்டோம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், வெயிலுக்கு வெந்தயம், எல்லாம் ஒரு பையில். இவரும் கூடப் போய், தாம்பரத்தில் மகளிர் விடுதியைப் பார்த்து, வார்டனிடம் பேசிவிட்டுத்தான் திரும்பினார்.

முதல் பத்து நாள் போனில் அழுகைதான். வேலை கஷ்டம் என்றல்ல. கணக்கே இல்லை என்று! "அம்மா, நான் இண்டெக்ரேஷன் போடுவாங்கன்னு நினைச்சு வந்தேன். இங்க நாள் பூரா பேர்ப்பட்டியலைச் சரி பார்க்கறேன்" என்றாள். மார்ச் 31-ம் தேதியோடு கம்பெனிகள் வருஷக் கணக்கை முடிக்கின்றன. அதனால் ஏப்ரல், மே மாதங்களில்தான் இந்த ஆபீஸ்களுக்கு உயிர் போகிற வேலை. ஒரு தொழிற்சாலையின் பட்டியல் இவளிடம் கொடுக்கப்பட்டது. ஆயிரத்து நூறு பேர். பெயர் கிடையாது, நம்பர்தான். பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, சம்பளம். எந்தத் தொழிற்சாலை என்று நான் கேட்டதற்கு, "அது மட்டும் கேக்காதம்மா, வெளியில சொல்லமாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

பட்டியலில் என்னென்ன வேடிக்கை என்கிறீர்கள்! ஒருவர் ஒன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒருவர் 1900-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி பிறந்திருந்தார். தேதிக் கட்டத்தில் ஏதாவது தப்பாக விழுந்தால் கம்ப்யூட்டர் அப்படிக் காட்டுமாம். ஒரே நம்பர் இரண்டு இடத்தில். மாதச் சம்பளக் கட்டத்தில் தினக்கூலி. நாற்பது, ஐம்பது பேர் ஜூன் மாதத்திலேயே பிறந்திருக்கிறார்களே என்று இவள் சந்தேகப்பட்டுக் கேட்டாளாம். மேலே இருந்த அம்மாள் சிரித்துவிட்டு, "பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும், விட்டுவிடு" என்றாராம். என் மாமியாரின் பிறந்த நாளும் அப்படி வந்ததுதான்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் வந்தது. குரலே சரியில்லை. போன வருஷப் பட்டியலையும் இந்த வருஷப் பட்டியலையும் வைத்து, யார் புதிதாகச் சேர்ந்தார், யார் விலகினார் என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். போன வருஷம் இருந்த ஒரு நம்பர் இந்த வருஷம் இல்லை. விலகியவர்கள் பட்டியலிலும் இல்லை, ஓய்வு பெற்றவர்கள் பட்டியலிலும் இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில்: இறப்பு. பெண். வயது முப்பத்தெட்டு. சேர்ந்து பதினோரு வருஷம்.

"ஒரு எழுத்துப் போட்டு அடுத்த வரிக்குப் போகணும்மா. போயிட்டேன். ஆனா அவங்களுக்குப் புள்ளைங்க இருக்குமில்ல?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் அவளே அந்த மேலதிகாரி அம்மாளிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். அவர், "அந்தக் குடும்பத்துக்கு உடனே கொடுக்கப் பணம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாம் உட்கார்ந்து இதைப் பார்க்கிறோம். ஒரு வரி தப்பினாலும் அந்தத் தொகை தப்பும்" என்றாராம். அதற்குப் பிறகு அவள், "வெறும் பட்டியல்தான்" என்று ஒருநாளும் சொல்லவில்லை.

இந்தப் பட்டியல் எதற்கு என்று நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓரிடத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர் விலகும்போது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை தர வேண்டும் என்று 1972-ல் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களுக்கெல்லாம் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. அடிப்படைக் கணக்கு மாறவில்லை. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருஷம் வேலை பார்த்தாரோ அத்தனையால் பெருக்க வேண்டும். தொழிலாளி இறந்துபோனால் ஐந்து வருஷக் கணக்குப் பார்க்காமல் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்குப் புதுச் சட்டத்தில் ஒரு வருஷமே போதும்.

ஆயிரத்து நூறு பேருக்கும் இந்தப் பணத்தை என்றைக்காவது ஒருநாள் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவர்களில் யார் எப்போது போவார்? யாருக்கும் தெரியாது. ஆனால் இத்தனை பேரில் வருஷத்துக்கு எத்தனை பேர் விலகுவார்கள், எத்தனை பேர் இறப்பார்கள் என்று சுமாராகச் சொல்ல முடியும். சம்பளம் எவ்வளவு ஏறும், வட்டி எவ்வளவு வரும் என்றும் ஓர் அனுமானம் வைத்துக்கொண்டால், இன்றைக்குக் கம்பெனி தன் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும் என்று ஒரு தொகை வரும். அதுதான் இவர்கள் எழுதிக் கொடுக்கிற அறிக்கை. கையெழுத்துப் போடுகிற உரிமை எல்லாப் பரீட்சையும் தேறி 'ஃபெல்லோ' ஆனவருக்குத்தான்.

திரும்பி வந்தபின் இதை எனக்குப் புரிய வைக்க, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். பத்து வருஷம் கழித்து ஒரு லட்சம் வேண்டும், வட்டி 7 சதவீதம் என்றால், இன்றைக்கு 50,835 ரூபாய் எடுத்து வைத்தால் போதும். இருபது வருஷம் கழித்து வேண்டுமானால் 25,842 ரூபாய். "இதத்தான்டி நாங்க விதை நெல்லுங்கறோம்" என்றார் பக்கத்தில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மாமியார். "அறுத்த உடனே விதைக்குக் கட்டி வச்சிட்டுத்தான் மிச்சத்தச் சாப்பாட்டுக்கு அளப்போம்." "அதேதான் அப்பாயி. எவ்வளவு கட்டி வைக்கணுங்கறதுதான் எங்க பாடம்" என்றாள் இவள்.

ஜூன் மாதம் அவள் வீடு திரும்பினாள். அந்த வருஷம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ம் தேதியே திறக்கப்பட்டு, இவர் நாற்றங்கால் வேலையில் சந்தோஷமாக இருந்த சமயம். சாப்பிட்டுக்கொண்டே மகளிடம் ஒரு கேள்வி கேட்டார். அது எங்கள் வீட்டில் பல வருஷமாக இருக்கிற கேள்வி. "ஏக்கருக்கு ஐநூறு ரூபாய்ச் சொச்சம் பயிர் இன்ஷூரன்ஸ் கட்டறேன். ஒரு வருஷம் நம்ம தாக்கு முழுகினப்ப ஒண்ணும் வரலியே, அது என்ன நியாயம்?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கிராமம் முழுவதற்கும் சராசரி பார்க்கிறார்கள். பொதுவாகத் தனித்தனி வயல் பார்ப்பதில்லை. சில வயல்களில் அறுத்து அளந்து, அந்தக் கிராமத்தின் விளைச்சல் இவ்வளவு என்று முடிவு செய்கிறார்கள். முந்தைய ஏழு வருஷத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருஷங்களின் சராசரியை எடுத்து, அதில் ஒரு பங்கை எல்லையாக வைக்கிறார்கள். இந்தக் கணக்கில் கிராமத்து விளைச்சல் அந்த எல்லைக்குக் கீழே போனால்தான் பணம். நம் தாக்கு மட்டும் பள்ளத்தில் இருந்து முழுகினால் சராசரி குறையாது. சம்பா, தாளடிக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். கணக்குப்படி வர வேண்டிய பிரீமியம் அதைவிட அதிகம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன.

"பணம் வராதது எனக்கும் வருத்தந்தாம்ப்பா. ஆனா ஒவ்வொரு வயலா அளக்கணும்னா அதுக்கே பிரீமியம் போயிடும்" என்றாள். இவர் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவப் போனவர் திரும்பி வந்து, "இதெல்லாம் அங்க சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டார். "கொஞ்சம் சொன்னாங்க. மிச்சம் நானே படிச்சேன்ப்பா, நம்ம வயலாச்சே" என்றாள். அன்றைக்குத்தான் இவர் முகத்தில் முதல் மாற்றத்தைப் பார்த்தேன்.

என் தங்கை பேராவூரணி பக்கம் வாழ்க்கைப்பட்டவள். தென்னந்தோப்புதான் அவர்களுக்குச் சோறு. 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது அந்தத் தோப்பில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் அடுத்த தலைமுறை என்பாள். அவள் ஜூலையில் வந்திருந்தபோது பெரியவள் அவளிடம் தென்னை இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசினாள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் ஆதரவில் அப்படி ஒரு திட்டம் உண்டு. அதில் 4 முதல் 15 வயது மரத்துக்கு 9 ரூபாய் பிரீமியம், 900 ரூபாய் காப்பீடு. 16 முதல் 60 வயது மரத்துக்கு 14 ரூபாய் பிரீமியம், 1,750 ரூபாய் காப்பீடு என்று வகுத்திருந்தார்கள். பிரீமியத்தில் பாதியை வாரியம், கால் பங்கை மாநில அரசு, மிச்சக் கால் பங்கை விவசாயி. "மனுஷனுக்கு மாதிரி மரத்துக்கும் வயசு பார்த்துக் கணக்கா!" என்று தங்கை வாயைப் பிளந்தாள். ஆக்சுவரி என்றால் என்னவென்று அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

"எங்களுக்குத்தான் மொய் இருக்கே, இன்ஷூரன்ஸ் எதுக்குடி?" என்று தங்கை விடவில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்து ஊரறிந்தது. ஆடி, ஆவணி வந்தால் விருந்து வைப்பார்கள்; வந்தவர்கள் எழுதுகிற மொய்யில் ஒரு குடும்பம் கடனை அடைக்கும், தொழில் தொடங்கும். பிறகு ஒவ்வொருவர் வீட்டு விருந்துக்கும் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூடவே. அருமையான ஏற்பாடுதான்.

பெரியவள் கேட்டாள்: "சின்னம்மா, கஜா அடிச்ச வருஷம் உங்க மொய் நோட்டுல இருந்தவங்க யாராவது உங்களுக்குக் கொடுக்கற நிலைமையில இருந்தாங்களா?"

தங்கை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லார் தோப்பும்தான் போச்சு. யாரு யாருக்குக் கொடுக்கறது?" என்றாள்.

அதுதான் விஷயம் என்றாள் இவள். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் தெருவே உதவும். தெருவே எரிந்தால் வெளியூர்க்காரர்தான் உதவ வேண்டும். அதனால்தான் காப்பீட்டில் பல மாவட்டம், பல மாநிலம் என்று பரவலாக ஆள் சேர்க்கிறார்கள். காப்பீட்டுக் கம்பெனிகளும் தங்கள் பாரத்தில் ஒரு பங்கை இன்னொரு கம்பெனியிடம் காப்பீடு செய்துகொள்கின்றன. 1972-ல் ஏற்பட்ட ஜெனரல் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் இப்போது நம் நாட்டில் அந்த வேலையைச் செய்கிறது. நூறு வருஷத்தில் இத்தனை தடவை இவ்வளவு பெரிய புயல் வரும் என்று அங்கேயும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்.

இதையெல்லாம் விட, எதிர்வீட்டு டீச்சர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர். மாமியார் படுக்கையில் விழுந்ததால் 2024-ல் வேலையை விட்டார். கடைசிச் சம்பளம் 13,000. விலகும்போது ஒரு சால்வையும், ஒரு எவர்சில்வர் குத்துவிளக்கும் கிடைத்தன. கிராஜுவிட்டி பற்றி யாரோ சொல்லிக் கேட்டதற்கு, "அதெல்லாம் கம்பெனி ஆட்களுக்குத்தான், வாத்தியார்களுக்குக் கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார்.

பெரியவள் பேச்சுவாக்கில் இதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இல்ல அத்தை. ஆசிரியர்களுக்கும் உண்டுன்னு 2009-லயே சட்டத்தைத் திருத்தியாச்சு. 1997 ஏப்ரல் 3-ம் தேதியிலிருந்தே செல்லும்னு போட்டாங்க. தனியார் பள்ளிக்கூடங்கள் கோர்ட்டுக்குப் போனாங்க, 2022-ல சுப்ரீம் கோர்ட்டும் திருத்தம் சரிதான்னு சொல்லிடுச்சு" என்றாள். அதே பால் கணக்கு நோட்டை எடுத்தாள். 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் 500. பதினைந்து நாளைக்கு 7,500. பதினோரு வருஷத்துக்கு 82,500 ரூபாய்.

டீச்சர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமியாரின் மருந்துச் செலவுக்கு வளையலை அடகு வைத்திருந்த நேரம். "கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்றார். "கோவிச்சா கோவிச்சுக்கட்டும் அத்தை. இது நீங்க கேக்கற தானம் இல்ல, அவங்க வச்சிருக்கற கடன்" என்றாள் என் மகள். இப்படிப் பேச அவளுக்கு எப்போது தெரிந்தது என்று நான் அசந்துபோனேன்.

ஒரு விண்ணப்பம் எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினார்கள். ஒரு மாதம் பதிலில்லை. பிறகு டீச்சரும் அவர் கணவரும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனுக் கொடுத்தார்கள். விசாரணைக்குத் தேதி போட்டதுமே பள்ளியிலிருந்து ஆள் வந்துவிட்டது. தாமதத்துக்கு வட்டியும் கேட்டிருக்கலாம். "பதினோரு வருஷம் உப்பு சாப்பிட்ட இடம், வேண்டாம்" என்று டீச்சர் விட்டுக்கொடுத்துவிட்டார். இரண்டு செக்காக 82,500 வந்து சேர்ந்தது. வளையல் கைக்குத் திரும்பியது. எனக்கு ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் பால் பாயசம் வந்தது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு இவர் மன்னார்குடிக்காரர்களுக்குத் தாமே போன் செய்தார். "பொண்ணு மேலே படிக்கணும்ங்கறா. ஒரு மூணு நாலு வருஷம் பொறுக்க முடியும்னா பேசலாம். இல்லேன்னா நீங்க வேற இடம் பாருங்க, மனசுல ஒண்ணும் வச்சுக்க வேண்டாம்" என்றார். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மாமியாருக்கு இன்னும் அதில் குறைதான். எனக்கும் நல்ல இடம் போயிற்றே என்று ஒருநாள் இரண்டு நாள் இருந்தது. ஆனால் பெரியவள் ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, சரி என்றுதான் படுகிறது.

பெண்ணையோ பிள்ளையையோ இதில் விட நினைக்கிற அம்மாக்களுக்குச் சில விஷயங்கள். பிளஸ் டூ முடித்தவர்களே நுழைவுத் தேர்வு எழுதலாம். தேர்வை நடத்துவது நவி மும்பையில் இருக்கும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம். 1944-ல் சங்கமாக ஆரம்பித்து, 2006-ம் வருஷச் சட்டத்தால் நிறுவனம் ஆயிற்று. கணிதம், புள்ளியியல், இங்கிலீஷ் மூன்றும் வேண்டும். எல்லாத் தாளும் தேறிய ஃபெல்லோக்கள் நாட்டில் சில நூறு பேர்தான். பரீட்சைகள் கடினம், ஒரே தாளை இரண்டு மூன்று தடவை எழுதுவது சகஜம். ஒவ்வொரு தாளுக்கும் பணம் கட்ட வேண்டும். ஆனால் சில தாள் தேறியதுமே வேலையில் சேர்ந்து, சம்பாதித்துக்கொண்டே மீதியை எழுதலாம். உட்கார்ந்தே பார்க்கிற வேலை. ஆறு வாரத்தில் பெரியவளுக்கு முதுகுவலி வந்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் நீர்க்கடுப்பும் வந்தது. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கவும், மேஜையில் தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொள்ளவும் சொல்லி அனுப்புங்கள்.

பெரியவள் சொன்ன இன்னொரு சமாசாரம் என் மனதை விட்டுப் போகவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இன்ஷூரன்ஸ் வந்த புதிதில், இந்தியர்களின் உயிர் தரம் குறைந்தது என்று சொல்லி அதிகப் பிரீமியம் வாங்கினார்களாம். 1870-ல் ஏற்பட்ட பம்பாய் மியூச்சுவல் என்ற சங்கம்தான் நம்மவர்களுக்கும் சாதாரண பிரீமியமே போதும் என்றது. இப்போது நம் நாட்டில் பாலிசி எடுத்தவர்களின் கணக்கை வைத்தே நமக்கென்று இறப்பு அட்டவணை போடுகிறார்கள். கணக்கில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் யாருக்கு என்ன மதிப்பு என்பதும் இருக்கும்போல. தாளடி என்றால் என்ன, மொய் என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைகளும் அந்த மேஜைக்குப் போகட்டுமே!

கடைசியாக, அவள் எனக்குக் கொடுத்த வீட்டு வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதச் சொன்னாள். வீட்டில் என்னென்ன பாலிசி, நம்பர் என்ன, ரசீது எங்கே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வாரிசாக யார் பெயர் போட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்ததாக இருந்தால் மாற்றியாயிற்றா. வேலை பார்க்கிறவர் எந்தத் தேதியில் சேர்ந்தார், கடைசிச் சம்பளச் சீட்டு எங்கே. பயிருக்குப் பிரீமியம் கட்டக் கடைசித் தேதி எது. யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம், யாரிடம் வாங்கியிருக்கிறோம். எழுதி முடிக்க எனக்கு நாலு மத்தியானம் ஆயிற்று. எழுதும்போதுதான் இவருடைய பழைய பாலிசி ஒன்றில் காலமாகிவிட்ட மாமனார் பெயரே வாரிசாக இருப்பதைப் பார்த்து, கும்பகோணம் போய் என் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தார். நோட்டு இப்போது அரிசிப் பானைக்கு மேல் அலமாரியில் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பெரியவள் இப்போது மூன்றாம் வருஷம். குறுவை நெல் காசு வந்ததும் இவர் முதலில் செய்த காரியம், அவளுடைய புள்ளியியல் தாளுக்குப் பணம் கட்டியதுதான்.